கேட்காத இடத்தில் ஒரு கோடு

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, சிங்கப்பூரில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடையில் பரோட்டா வாங்க நின்றிருந்தேன். ஒன்பதாவது மாடி அக்காவும் அவர் மகளும் வந்தார்கள். மகளுக்கு 23 வயது. ஐடிஇ என்ற தொழிற்கல்விக் கழகத்தில் படிப்பை முடித்துவிட்டு இரண்டு வருடமாக ஒரு கடைத்தொகுதியில் துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க நின்று நின்று கால் வீங்கிப்போகிறது என்று அக்கா அடிக்கடி சொல்லி வருத்தப்படுவார். அன்றைக்கு அந்தப் பெண் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். ஒரு விளம்பரம். ‘மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். வீட்டிலிருந்தே வேலை. அனுபவம் வேண்டாம். மூன்று மாதப் பயிற்சி. சான்றிதழ் உண்டு.’ கட்டணம் 1,800 வெள்ளி.

“ஆன்ட்டி, நீங்க இந்த வேலைதானே பாத்தீங்க? இதுல சேரலாமா?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நான் இந்த வேலைக்குப் போன வருடம்தான் அவள் பிறந்திருக்கிறாள். மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. எங்கள் வீட்டுக் கடனை அடைத்த வேலை, தம்பியைப் படிக்கவைத்த வேலை. அதை வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சேர் என்று சொல்லவும் மனம் வரவில்லை. “ரெண்டு நாள் டைம் குடும்மா, யோசிச்சுச் சொல்றேன்” என்றேன். அந்த யோசனையைத்தான் இங்கே எழுதுகிறேன். அதே விளம்பரம் இன்னும் எத்தனையோ பேருடைய கைப்பேசிக்கு வந்திருக்கும்.

2002-ல் திருச்சியில் பிஎஸ்சி விலங்கியல் முடித்துவிட்டுச் சென்னைக்குப் போனேன். அப்போது சென்னையில் எம்டி என்றால் மருத்துவப் பட்டமேற்படிப்பு நினைவுக்கு வராது, மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்தான் நினைவுக்கு வரும். பயிற்சி மையம் இல்லாத சாலையே இல்லை என்பது போல இருந்தது. அமெரிக்காவில் மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் குறிப்பைத் தாங்களே எழுத மாட்டார்கள். தொலைபேசியிலோ பதிவுக் கருவியிலோ பேசிவிடுவார்கள். அந்த ஒலிக்கோப்பு இணையம் வழியாகச் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் மணிலாவுக்கும் வரும். நாங்கள் கேட்டுத் தட்டச்சு செய்து அனுப்புவோம். அவர்கள் மறுநாள் காலையில் வேலைக்கு வரும்போது அறிக்கை மேசையில் இருக்கும். சில கோப்புகளை இரண்டு மூன்று மணி நேரத்திலேயே முடித்தாக வேண்டும். அதனால் எனக்கு முதல் மூன்று வருடமும் இரவு ஷிஃப்ட்தான்.

கையில் கீபோர்டு, காதில் ஹெட்செட், காலுக்குக் கீழே ஒரு பெடல். பெடலை மிதித்தால் குரல் ஓடும், எடுத்தால் நிற்கும், குதிகாலால் அழுத்தினால் கொஞ்சம் பின்னால் போகும். தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பது மாதிரி ஒரு தாளம் அது. சம்பளம் வரிக்கணக்கு. இடைவெளியையும் சேர்த்து 65 எழுத்து வந்தால் ஒரு வரி. கை பழகியவர்களுக்கே ஒரு நிமிடப் பேச்சுக்கு மூன்று நான்கு நிமிடம் ஆகும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். மருத்துவர் சாப்பிட்டுக்கொண்டே பேசுவார், காரோட்டிக்கொண்டே பேசுவார், கொட்டாவி விடுவார். டெக்சாஸ்காரர் இழுப்பார், நியூயார்க்காரர் விழுங்குவார், வேறு நாட்டில் பிறந்து அங்கே போன மருத்துவருடைய ஆங்கிலம் முற்றிலும் வேறு மாதிரி இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வாரம் என்று நினைக்கிறேன். ஒரு கோப்பில் ஒரு மருந்தின் அளவு. 15 என்றும் கேட்கிறது, 50 என்றும் கேட்கிறது. ஆங்கிலத்தில் அந்த இரண்டும் எவ்வளவு நெருக்கம் என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். இருபது முறை கேட்டேன். 50-ஆகத்தான் இருக்கும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன். க்யூஏ, அதாவது தரச் சரிபார்ப்பு, பார்த்த அக்கா என்னைத் தன் இருக்கைக்குக் கூப்பிட்டார். திட்டவில்லை. ஹெட்செட்டின் ஒரு காதை எனக்குக் கொடுத்து, இரண்டு பேருமாகக் கேட்டோம். அவருக்கும் தெளிவாகக் கேட்கவில்லை.

“உனக்கும் தெரியல, எனக்கும் தெரியல. அப்ப இந்த 50 எங்கிருந்து வந்துச்சு?” என்றார்.

அந்த 50-ஐ அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, எத்தனையாவது நிமிடம் எத்தனையாவது விநாடி என்று பக்கத்தில் குறித்தார். இதற்கு எங்கள் வேலையில் பிளாங்க் என்று பெயர். பிளாங்க் போட்டால் கோப்பு மருத்துவரிடமே திரும்பிப் போகும். அவர் கேட்டு நிரப்புவார். பிளாங்க் அதிகமானால் நம் மதிப்பெண் குறையும், அதனால் எல்லோருக்கும் ஊகித்து எழுதத்தான் கை துடிக்கும். அந்த அக்கா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: “கோடு போட்டா டாக்டருக்கு ரெண்டு நிமிஷம் வேலை. நீயா ஒன்னை எழுதிட்டா அது சரியா தப்பான்னு யாருமே திரும்பிப் பாக்க மாட்டாங்க.”

இந்த வேலையைப் பற்றிப் பேசும்போது பலரும் தட்டச்சு வேகத்தைத்தான் கேட்கிறார்கள். வேகம் ஆறு மாதத்தில் தானாக வந்துவிடும். சந்தேகப்படப் பழகுவதற்குத்தான் வருடக்கணக்கில் ஆகும். இலியம் என்று ஒரு சொல். சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கும் அதே பெயர், இடுப்பெலும்புக்கும் அதே பெயர். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், காதுக்கு வித்தியாசமே இல்லை. எலும்பு முறிவைப் பற்றிப் பேசுகிறாரா, குடல் அறுவையைப் பற்றிப் பேசுகிறாரா என்று பார்த்துத்தான் எழுத வேண்டும். டிஸ்ஃபேஜியா என்றால் விழுங்கச் சிரமம், டிஸ்ஃபேசியா என்றால் பேச்சில் சிரமம். பக்கவாதம் வந்தவருக்கு இரண்டுமே இருக்கலாம். ஹைப்போ, ஹைப்பர் பற்றிச் சொல்லவே வேண்டாம்: சர்க்கரை இறங்கியதா ஏறியதா என்பது அந்த ஒரு அசையில் இருக்கிறது.

எண்களை எழுதுவதற்கும் கறாரான முறை உண்டு. அரை மில்லிகிராம் என்றால் புள்ளிக்கு முன்னால் சுழியம் போட்டு 0.5 என்றே எழுத வேண்டும். ஐந்து மில்லிகிராமை 5.0 என்று எழுதக் கூடாது, வெறும் 5. புள்ளி கண்ணுக்குத் தப்பிவிட்டால் மருந்து பத்து மடங்காகிவிடும். இன்சுலின் அளவுக்கு யூனிட் என்று முழுச்சொல்லாக எழுத வேண்டும். ஒற்றை எழுத்தில் சுருக்கினால் அது சுழியம் மாதிரித் தெரியும், பத்து யூனிட் நூறாகிவிடும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் இதையெல்லாம் 2004-ல் தடைப்பட்டியலாகவே வெளியிட்டது. எங்கள் மேசைகளில் அது ஒட்டியிருக்கும். இன்றைக்கும் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தால் என் கண் முதலில் புள்ளியைத்தான் தேடும்.

அப்புறம் காலம் மாறியது. 2009-ல் அமெரிக்க அரசு ஹைடெக் சட்டத்தைக் கொண்டுவந்து, மின்னணு நோயாளிப் பதிவேட்டுக்கு மாறும் மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஊக்கத்தொகை கொடுத்தது. மருத்துவர்கள் திரையில் கட்டங்களைத் தேர்ந்தெடுத்துத் தாங்களே குறிப்பை முடிக்கத் தொடங்கினார்கள். பேச்சைக் கேட்டு எழுதும் மென்பொருளும் ஓரளவு தேறிவிட்டது. எங்களுக்கு வந்தது ‘எடிட்டிங்’. மென்பொருள் எழுதியதை ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். வரிக்கு முன்பு கொடுத்ததில் கிட்டத்தட்டப் பாதிதான் இதற்குக் கொடுத்தார்கள், ஆனால் காது கொடுத்துக் கேட்க வேண்டியது அதே அளவுதான். சொல்லப்போனால் கூடுதல் கவனம் வேண்டும். வெற்றுத் திரையில் நாமே எழுதும்போது கேட்பதை எழுதுவோம். ஏற்கெனவே அழகாக எழுதிவைத்த வாக்கியம் கண்முன் இருந்தால், காது அதற்கு ஒத்துப்போய்விடும். என்னோடு சென்னையில் இருந்தவர்களில் பலர் அந்தக் கட்டத்தில்தான் வெளியேறினார்கள். சிலர் நோய்களுக்குக் குறியீடு போடும் மருத்துவக் கோடிங் பக்கம் போனார்கள், அவர்கள் இன்று நன்றாக இருக்கிறார்கள். இந்தத் துறையின் பேச்சு மென்பொருளில் பெரிய பெயரான நுவான்ஸ் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 2021-ல் 19.7 பில்லியன் அமெரிக்க டாலருக்குப் பேசி, 2022 மார்ச்சில் வாங்கி முடித்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது, நாங்கள் வரிக்கணக்கில் சம்பாதித்த பணம் நினைவுக்கு வந்து நெஞ்சு கனத்தது.

நான் கல்யாணமாகி 2008-லேயே சிங்கப்பூர் வந்துவிட்டேன். இங்கே ஒரு மருத்துவமனையின் தட்டச்சுப் பிரிவில் வேலை கிடைத்தது. ஆறு பேர். எக்ஸ்ரே, ஸ்கேன் அறிக்கைகள், அறுவை சிகிச்சைக் குறிப்புகள், ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவருக்கு எழுதும் கடிதங்கள். எனக்கு ஆறு வருட அனுபவம் இருந்தும், முதல் மாதம் திண்டாடிப்போனேன். மருத்துவச் சொல்லெல்லாம் தெரியும், பெயர்தான் தெரியவில்லை. சீனத்தில் ஒரே எழுத்தாக இருக்கும் குடும்பப் பெயர் ஹொக்கியன் வீட்டில் டான், கான்டனீஸ் வீட்டில் சான், மாண்டரினில் சென். மலாய்ப் பெயரில் பின், பிந்தே. நம் ஆட்களுக்குத் தகப்பன் பெயர் சேரும் விதம் ஒவ்வொரு அட்டையிலும் ஒவ்வொரு மாதிரி. பெயர் தப்பினால் ஆளே மாறிவிடுவார் என்பதால், அடையாள அட்டை எண்ணின் கடைசி எழுத்து வரைக்கும் சரிபார்ப்போம். பக்கத்து மேசையில் இருந்த சீன ஆன்ட்டி எனக்குப் பெயர் கற்றுக்கொடுத்தார். தமிழ்ப் பெயர்கள் வந்தால் அவர் என் பக்கம் திரும்புவார். மலாய்ப் பெயர்களுக்கு எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மலாய்க்கார அக்கா இருந்தார். அந்த அறை ஒரு நல்ல அறை.

2017-ல் அந்தப் பிரிவை மூடினார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து நிமிடக் கூட்டம், கையில் ஒரு கடிதம். சீன ஆன்ட்டிக்கு அப்போது 58 வயது, அதே அறையில் 26 வருடம் உட்கார்ந்திருந்தவர். அவர் தனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கவில்லை. “இனி யார் செக் பண்ணுவாங்க?” என்று மட்டும் கேட்டார். மருத்துவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று பதில் வந்தது. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர், எந்த நேரத்தில் ஒவ்வொரு வரியையும் பார்ப்பார்? எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. ஆட்களை அனுப்பியதை விட, அவர்கள் செய்த வேலை என்ன என்று ஒருவரும் கேட்காமலேயே அனுப்பியதுதான் வலித்தது.

அந்த வேலை என்ன என்பதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2018-ல் ஜாமா நெட்வொர்க் ஓப்பன் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் இரண்டு மருத்துவ அமைப்புகளின் 217 குறிப்புகளை எடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பிழை என்று எண்ணியிருக்கிறார்கள். மென்பொருள் எழுதிக்கொடுத்தபோது நூறு சொல்லுக்கு 7.4 பிழை. டிரான்ஸ்கிரிப்ஷனிஸ்ட் திருத்திய பிறகு 0.4. மருத்துவர் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு 0.3. அந்த மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிழை எந்த மேசையில் குறைந்தது என்பது தெரியும். அந்தக் கட்டுரையை அச்செடுத்துச் சீன ஆன்ட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங் மோ கியோவில் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

2018-க்குப் பிறகு இயந்திரம் வெகுவாக முன்னேறிவிட்டது, அதை மறுக்க மாட்டேன். இப்போது மருத்துவர் தனியாகச் சொல்லிப் பதிவு செய்யக்கூட வேண்டாம். நோயாளியும் மருத்துவரும் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டுச் செயற்கை நுண்ணறிவே குறிப்பு எழுதிக் கொடுக்கிறது. 2024-ல் சுகாதார அமைச்சர் ஓங் யி காங், ஐந்து ஆண்டுகளில் 150 மில்லியன் வெள்ளியைப் பொதுச் சுகாதாரத் துறையில் இந்தத் தொழில்நுட்பத்துக்கு ஒதுக்குவதாக அறிவித்தார். குறிப்பெழுதும் வேலையை இதன் கையில் கொடுப்பது அதில் முக்கியமான ஒன்று. பொது மருத்துவமனைக் குழுமமான சிங்ஹெல்த் உருவாக்கியிருக்கும் கருவி நான்கு அதிகாரத்துவ மொழிகளையும் கேட்கிறது, தமிழும் அதில் உண்டு. மருத்துவர் திரையைப் பார்க்காமல் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேச முடிகிறது என்றால் அதில் எனக்கு முழு மகிழ்ச்சி. எத்தனை வருடம் நாம் மருத்துவரின் தோளைப் பார்த்துக்கொண்டே வியாதியைச் சொல்லியிருக்கிறோம்.

ஆனால் எனக்குப் பயம் தருவது ஒன்று இருக்கிறது. 2024-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், விஸ்பர் என்ற பிரபலமான பேச்சு மென்பொருளைச் சோதித்தார்கள். நூற்றில் ஒரு துண்டு ஒலியில், யாருமே பேசாத வாக்கியங்களை அது தானாக எழுதியிருந்தது. எங்கே அதிகம் நடந்தது தெரியுமா? பேச்சுக்கு நடுவே நீண்ட இடைவெளி விட்டுப் பேசுகிறவர்களிடம். அந்த ஒலிகளில் ஒரு பகுதி, மூளை பாதிப்பால் பேச்சுத் திணறும் நோயாளிகளுடையது. அவர்கள் சொல்லைத் தேடி மௌனமாக நின்ற இடத்தில், மென்பொருள் சொல்லை இட்டு நிரப்பிவிட்டது. கருவிக்குக் கருவி இது மாறலாம், நாளாக நாளாகக் குறையவும் செய்யலாம். ஆனால் படித்த அன்றைக்கு எனக்கு அந்த 50 நினைவுக்கு வந்தது. கோடு போட வேண்டிய இடத்தில் எழுதிவிட்ட 50.

என் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். 76 வயது, முப்பது வருடச் சர்க்கரை. நான்கைந்து மாதத்துக்கு முன் அவரை ஒரு மருந்தகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இப்படியொரு கருவி வைத்திருந்தார்கள். மருத்துவர் இளைஞர், மிகவும் மரியாதையாகப் பேசினார். அவருக்குத் தமிழ் தெரியாது. அத்தை தன் வழக்கப்படி சொன்னார்: “ரெண்டு காலும் மதமதன்னு இருக்கு தம்பி. ராத்திரியில பூசிங்கா வேற வருது.”

கடைசியில் மருத்துவர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் குறிப்பைக் காட்டினார். கால் வலி என்று எழுதியிருந்தது. பூசிங் என்ற சொல்லே இல்லை. அது மலாய்ச் சொல், தலைசுற்றல். இங்கே வளர்ந்த நம் முதியவர்கள் தமிழுக்கு நடுவே அதைத் தமிழாகவே சொல்வார்கள். மதமதப்பு வலி இல்லை, உணர்ச்சி மங்குவது. சர்க்கரைக்காரர் ஒருவர் கால் வலிக்கிறது என்பதற்கும் கால் மதமதக்கிறது என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று அந்த மருத்துவருக்கு நன்றாகத் தெரியும். நான் சொன்னதும் உடனே திருத்தினார், பாதத்தைச் சோதிக்கவும் எழுதிக்கொடுத்தார். எனக்கு நன்றி சொன்னார். நான் அங்கே இல்லாவிட்டால்? பக்கத்துப் புளோக்கில் தனியாக இருக்கும் பாட்டிகள் தனியாகத்தானே மருத்துவரிடம் போகிறார்கள்?

நம் ஆட்கள் வியாதியைச் சொல்லும் விதத்தை யோசித்துப் பாருங்கள். நெஞ்சு கரிக்குது. நெஞ்சு அடைக்குது. நெஞ்சு படபடங்குது. மூன்றும் மூன்று விஷயம். ‘வாய்வு பிடிச்சிருக்கு’ என்பதற்குச் சில நேரம் அஜீரணம் என்று பொருள், சில நேரம் மாரடைப்பின் தொடக்கமாகவும் இருக்கும். ‘மயக்கமா வருது’ என்று ஒருவர் சொன்னால், நினைவு தப்பியதா, தலை சுற்றியதா, வெறும் களைப்பா என்று மறுபடி கேட்காமல் தெரிந்துகொள்ள முடியாது. கை உளைச்சலும் கை வலியும் ஒன்றா? சொற்களை ஆங்கிலத்தில் மாற்றும்போது இதெல்லாம் இரண்டே இரண்டு சொல்லுக்குள் அடங்கிப்போகிறது. மனிதர்கள் மொழிபெயர்த்தாலும் அடங்கிப்போகும், ஆனால் மனிதர் முகத்தைச் சுருக்கி “என்ன பாட்டி சொன்னீங்க?” என்று கேட்பார்.

சரி, அந்தப் பெண்ணுக்கு நான் என்ன சொன்னேன்?

1,800 வெள்ளியைக் கட்டாதே என்று சொன்னேன். கேட்டு எழுதும் வேலையாக மட்டும் பார்த்தால், இது முடிந்துகொண்டிருக்கும் வேலை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அமைப்பே இந்த வேலைகளின் எண்ணிக்கை வரும் ஆண்டுகளில் குறையும் என்றுதான் தொடர்ந்து கணித்துவருகிறது. மிச்சமிருக்கும் வரிக்கணக்கு வேலைக்கு இந்தியாவிலும் பிலிப்பீன்ஸிலும் கொடுக்கும் தொகையை வைத்துச் சிங்கப்பூரில் வாடகை கட்ட முடியாது. வீட்டிலிருந்தே இங்குள்ள நோயாளிகளின் பதிவேட்டைத் தட்டச்சு செய்யலாம் என்று ஒருவர் சொன்னால், இரண்டு முறை யோசிக்க வேண்டும். 2018-ல் சிங்ஹெல்த் கணினிகளில் ஊடுருவி 15 லட்சம் பேரின் விவரங்களைத் திருடினார்கள், அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரம் உட்பட. அதற்குப் பிறகு பொது மருத்துவமனைகளில் வேலைக் கணினியிலிருந்து இணையத்தையே துண்டித்தார்கள். அவ்வளவு பட்ட ஊரில், முன்பின் தெரியாத ஒருவருடைய வீட்டு மடிக்கணினிக்கு நோயாளியின் குரலை அனுப்புவார்களா? வேலை தருகிறேன், முதலில் பணம் கட்டு என்று வரும் விளம்பரம் எதுவானாலும் மோசடி உதவி எண் 1799-க்கு அழைத்து ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

அக்காவின் முகம் வாடிவிட்டது. மகள் வாடவில்லை. “அப்ப அந்த டாக்டர் ஆன்ட்டிகிட்ட தேங்க்ஸ் சொன்னாரே, அந்த வேலைக்குப் பேர் என்ன?” என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. அதற்குத் தனியாக ஒரு பெயர் இன்னும் வரவில்லை. ஆனால் அந்த வேலை பல பெயர்களுக்குள் இருக்கிறது. பலதுறை மருந்தகத்திலும் மருத்துவமனையிலும் நோயாளியை முதலில் சந்திக்கும் சேவை உதவியாளர்கள் இருக்கிறார்கள். பெயர், மருந்து, ஒவ்வாமை எல்லாம் அவர்கள் வாய்வழியாகத்தான் பதிவேட்டுக்குள் போகிறது. நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீடு போடும் கோடிங் வேலை இருக்கிறது. ஐசிடி-10 என்ற பெரிய குறியீட்டுப் பட்டியலைப் பழக வேண்டும், உடற்கூறு தெரிந்திருக்க வேண்டும். அதிலும் இயந்திரம் நுழைந்துகொண்டிருக்கிறது என்பதால், வாழ்நாள் முழுக்கச் சோறு போடும் என்று நான் உறுதி தர மாட்டேன். காப்புறுதிக்கான மருத்துவ அறிக்கையைத் தயாரிக்கும் வேலை, நான் இப்போது ஒரு நிபுணரின் மருந்தகத்தில் பார்ப்பது. பழைய குறிப்புகளையெல்லாம் படித்து, ஒன்றுக்கொன்று முரண்படுவதை மருத்துவருக்குச் சுட்டிக்காட்டி, அவர் சொல்வதை எழுத வேண்டும். என் எட்டு மணி நேரத்தில் தட்டச்சு ஒரு மணி நேரம்கூட இருக்காது. மருத்துவ ஆராய்ச்சிகளில் நோயாளிகளோடு பேசி விவரம் சேகரிக்கும் ஒருங்கிணைப்பாளர்களும் இருக்கிறார்கள், அதற்கு டிப்ளோமாவோ பட்டமோ கேட்பார்கள்.

பணத்தைப் பற்றியும் பேசினோம். பயிற்சிக் கட்டணத்துக்கு அரசாங்கம் பணம் போடும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கு 25 வயது ஆனால்தான் திறக்கும், அவளுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. ஆனால் ஐடிஇ முடித்து டிப்ளோமா சேரும் 30 வயதுக்குட்பட்ட சிங்கப்பூரர்களுக்கு அரசாங்கம் கல்விக் கணக்கில் 5,000 வெள்ளி போடுகிறது, முடித்ததும் மத்திய சேமநிதியில் 10,000 வெள்ளி. அக்காவுக்கு இது தெரிந்திருக்கவில்லை. 1,800 வெள்ளியைக் கடன் வாங்கிக் கட்ட இருந்தவர்கள். என்னைப் போல 40 தாண்டிய சிங்கப்பூரர்கள் இதைப் படித்தால், உங்கள் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் கூடுதலாக 4,000 வெள்ளி சேர்ந்திருக்கும், போய்ப் பாருங்கள். வேலை போனவர்களுக்கு, மாத வருமானம் 5,000 வெள்ளிக்குள் இருந்திருந்தால், வேலை தேடும் ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரைக்கும் உதவி இப்போது உண்டு. எங்கள் அறையை மூடியபோது இதெல்லாம் இல்லை. இருந்திருந்தால் மலாய்க்கார அக்கா அவ்வளவு அவசரமாகத் துப்புரவு வேலைக்குப் போயிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அவளுக்கு இந்த வேலை ஒத்துவருமா என்று எனக்கும் பார்க்க வேண்டும் போலிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன். அத்தையிடம் ஒரு நிமிடம் உடம்புக்கு என்னென்ன செய்கிறது என்று பேசச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்தேன். அவருக்கு அதற்கு ஒரு நிமிடம் போதவில்லை, ஆறு நிமிடம் பேசினார். அந்தப் பெண் என் பழைய ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். அத்தை பக்கத்துச் சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மெதுவாகத்தான் அடித்தாள். தமிழில் சொன்னதைத் தமிழிலேயே எழுதினாள், எழுத்துப்பிழை நிறைய. மூன்றாவது நிமிடத்தில் நின்றாள். பின்னால் போய்க் கேட்டாள். மறுபடி கேட்டாள். நான் எதுவும் சொல்லவில்லை. கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது. ‘கால்’ என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் பதிலாக நீளமாக ஒரு கோடு போட்டாள், தொடர்ந்து எழுதிக்கொண்டே போனாள். முடித்ததும் ஹெட்செட்டைக் கழற்றி என்னிடம் நீட்டப் போனவள், நடுவில் மனதை மாற்றிக்கொண்டு சோபாவுக்குப் போய் அத்தையின் காலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“பாட்டி, கால் எப்படி இருக்குன்னு சொன்னீங்க? எனக்கு அந்த வேர்டு தெரியல.”

அத்தை அவளுடைய முழங்காலுக்குக் கீழே விரலால் தட்டினார். “இப்படித் தட்டினா உனக்குத் தெரியுதுல்ல? எனக்குத் தெரியாது. மேல துணி சுத்தி வச்சிருக்கிற மாதிரி இருக்கும். அதான் மதமதப்பு.”

அவள் எழுந்து வந்து, கோட்டை அழித்துவிட்டு, அந்தச் சொல்லை எழுதினாள். பிறகு மறுபடி அத்தையிடம் திரும்பி, “எப்பலேர்ந்து பாட்டி?” என்று கேட்டாள்.